மிலிட்டரிக்காரர் கடை: பட்டாளமும் கடையுமாக வாழ்ந்த ஒருவருக்கு நினைவு மலர் போடுவது எப்படி

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் வீட்டை ஒழிப்பார்கள். கடைப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் கணக்கு நோட்டுகள் எடைக்குப் போவது அப்போதுதான். டிரங்குப் பெட்டியில் இருக்கும் இன்லண்டு கடிதங்களைக் கரையான் அரித்தது என்று யாராவது தூக்கிப் போடுவதும் அப்போதுதான். ஆகவே நினைவு மலர் வேலை எழுதுவதில் தொடங்குவதில்லை. "ஒரு தாளும் வெளியே போகக் கூடாது, மூன்று மாதம் அப்படியே இருக்கட்டும்" என்று வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சொல்ல வைப்பதுதான் முதல் வேலை. மளிகைக் கடைப் பொருளைக் காலி செய்தாலும் கல்லாப் பெட்டி, தராசு, பெயர்ப்பலகை, நோட்டுகள் நான்கையும் தொடாதீர்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். இப்படிப் போனவர்கள் பதினைந்து, பதினேழு ஆண்டு முடித்து நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பி, மளிகைக் கடையோ வாடகை சைக்கிள் கடையோ எஸ்.டி.டி. பூத்தோ அரிசி மில்லோ வைத்து, அதைவிட இரண்டு மடங்கு காலம் ஊருக்குள் உழைத்தார்கள். ஆனால் அஞ்சலிப் பதாகையில் சீருடைப் படம் மட்டும்தான் வருகிறது. வேலூர் கடிகாரக் கோபுரத்தில் முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல் இருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செங்கத்து நடுகற்களோ எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊரில், எந்தத் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் (உயிர்விட்டான்) என்று நாலைந்து வரியில் ஆளை முன்னால் நிறுத்திவிடுகின்றன. நினைவு மலருக்கு அந்தக் கல்வெட்டுதான் முன்மாதிரி. பெயர், ஊர், நாள், செய்த காரியம் என்று எழுதினால் போதும். 'பண்பாளர், கொடைவள்ளல்' என்பதெல்லாம் எவருக்கும் பொருந்தும். ஆகவே எவரையும் காட்டாது.

எப்போது வெளியிடுவது

பதினாறாம் நாளுக்குள் மலர் போட முயலாதீர்கள். அந்த நாளுக்கு ஒரே தாளில் படமும் பிறந்த நாள், மறைந்த நாள், படைப்பிரிவு, கடை தொடங்கிய ஆண்டும் போதும். மலரை முதலாண்டு திதிக்கு வையுங்கள். ஆவணம் சேர்க்க மூன்று மாதம், ஆட்களைப் பார்க்க மூன்று மாதம், எழுத இரண்டு, அச்சுக்கும் திருத்தத்துக்கும் இரண்டு என்று வைத்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். 1971-ல் இருபது வயதில் இருந்த அவருடைய சகாக்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அதனால் வரிசையை மாற்றி, மிகவும் வயதானவரை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். ஆவணம் காத்திருக்கும்.

பட்டாளக் கணக்கு

முதலில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் புத்தகம். படையில் சேர்ந்த நாள், நம்பர், பதவி உயர்வுகள், முடித்த கோர்ஸ்கள், பெற்ற மெடல்கள், வெளிவந்த நாளும் காரணமும் அதில் இருக்கும். 'டிஸ்சார்ஜ்' என்றதும் வேலையை விட்டு நீக்கப்பட்டார் என்று பேரப்பிள்ளைகள் எண்ணிக்கொள்வதுண்டு. சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட பணிக்காலத்தை நிறைவு செய்தார் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒன்றுமாக இருக்கலாம். இரண்டையும் குறித்துவிட்டு, மலரில் படை ஆவணத்தின் தேதியைப் போட்டு, வீட்டார் சொல்லும் தேதியை ஒரு வரியில் சேருங்கள். பெயரும் அப்படித்தான். இந்தி பேசும் எழுத்தர் எழுதிய முனுசாமி, ஆவணம் முழுக்க முனிஸ்வாமியாக இருப்பார்.

புத்தகம் கிடைக்காவிட்டால் பென்ஷன் உத்தரவில் படை நம்பர் இருக்கும். அதை வைத்து அவர் பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு வாரிசு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், 'தம்பி' என்று அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்களுக்கு (பொறியாளர் படை) பெங்களூரு, தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டி, ஆயுதம் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்குச் செகந்தராபாத், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு. இறப்புச் சான்றிதழ் நகலும் உறவைக் காட்டும் சான்றும் இணைக்க வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் கடிதத்தை முதல் மாதமே அனுப்பிவிடுங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்றும் வேலைக்கு எப்படியும் அங்கே போக வேண்டியிருக்கும். அது முதலில், மலர் அப்புறம்.

மிக அதிகமாகத் தவறு நேர்வது மெடல் விஷயத்தில். மெடலை வெள்ளைப் பருத்தித் துணியில் படுக்க வைத்து, கைபேசி டார்ச்சை விளிம்புக்குச் சாய்வாக, ஏறக்குறையக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது; சாய்த்ததும் விளிம்பில் வெட்டிய எழுத்துக்கு நிழல் விழும். நம்பர், அப்போதைய பதவி, பெயர், பிரிவு என்று ஒரே வரியில் சுற்றி வரும். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் குறியுங்கள். விளிம்பு வெறுமையாக இருந்தால், தொலைந்ததற்குப் பதில் பிற்பாடு கடையில் வாங்கிய மெடலாக இருக்கலாம். புளி, பிராசோ, சாம்பல் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேயத் தேய அந்த எழுத்துதான் முதலில் போகும். ரிப்பனைத் துவைக்கவும் வேண்டாம், சாயம் ஓடிவிடும்.

ஒவ்வொரு மெடலும் என்ன சொல்கிறது என்பதை அறிந்து எழுத வேண்டும். 1965 போருக்குச் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971-க்குக் கிழக்கு முனையில் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் பஸ்சிமி ஸ்டார். இவற்றோடு சங்ராம் மெடலும் உண்டு. ஆனால் சங்ராம் மட்டும் இருந்தால் முன்வரிசையில் நின்று சுட்டார் என்று எழுத முடியாது. எல்லை மாநிலங்கள் பலவற்றில் பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் அது கிடைத்தது. 25ஆவது சுதந்திர ஆண்டு மெடலை 1972 ஆகஸ்ட் 15-ல் பணியில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தார்கள். அதைப் போர் மெடல் என்று எண்ணிவிடுகிறார்கள். 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்ட சேவை மெடல்களும் வீரப் பதக்கங்கள் அல்ல. இதனால் அவர் பெருமை குறையாது. சப்ளை லாரி ஓட்டியவரும் தந்திக் கம்பி இழுத்தவரும் இல்லாமல் போர் நடந்ததில்லை. மிகைப்படுத்திய ஒரு வரியை அவருடைய பழைய ஹவில்தார் ஒருவர் படித்தால் மலர் முழுவதையும் நம்பமாட்டார்.

ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். சீனப் போர் 1962 அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை. பாகிஸ்தானுடனான போர் 1965 செப்டம்பர் 23-ல் நின்றது. 1971 போர் டிசம்பர் 3-ல் தொடங்கியது. 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படையினர் சரணடைந்தார்கள். சியாச்சின் பனிமலையில் படை ஏறியது 1984 ஏப்ரல் 13. கார்கில் 1999 மே முதல் ஜூலை 26 வரை. '71 சண்டையில் இருந்தார்' என்று வீடு முழுக்கச் சொல்லும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேர்ந்த நாள் 1972 மார்ச் என்று இருக்கும். சேர்ந்த நாளுக்குப் பின் பயிற்சிக் காலத்தையும் கழித்தே பார்க்க வேண்டும்.

கடிதங்களில் '56 ஏ.பி.ஓ.' என்றோ '99 ஏ.பி.ஓ.' என்றோ முகவரி இருக்கும். இடத்தை மறைப்பதற்கான ராணுவத் தபால் எண் அது. பொதுவாக 56 வடக்கு, மேற்குப் பகுதி, 99 கிழக்கு. ஊர் தெரியாவிட்டாலும் தபால் முத்திரைத் தேதியை வைத்து, எந்தத் தீபாவளிக்கு எந்தத் திசையில் இருந்தார் என்று சொல்லிவிடலாம்.

இலங்கைக்குப் போன அமைதிப் படையில் (1987 – 1990) இருந்தவர் என்றால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள், மெருகும் ஏற்றாதீர்கள். தமிழ் பேசும் சிப்பாய் தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்ற காலம் அது. பலர் வாழ்நாள் முழுக்க அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எந்த மாதம் போனார், எப்போது திரும்பினார், வீட்டில் என்ன சொன்னார் என்பதோடு நிறுத்துங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் 'இதைப் பற்றி அவர் பேசியதில்லை' என்பதே உண்மையான வரி.

பதவியை எழுதும் முறை: ஹவில்தார் இன்னார் (ஓய்வு). 'முன்னாள் ஹவில்தார்' வேண்டாம். பதவி அவரோடு கடைசிவரை இருக்கிறது. ஹானரரி (கௌரவப்) பதவி கிடைத்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

கடைக் கணக்கு

பட்டாளத்தைப் பற்றிய தகவல் டில்லிக்கும் வெலிங்டனுக்கும் சிதறிக் கிடக்கும். கடையைப் பற்றிய தகவல் முழுக்க உங்கள் தெருவிலேயே இருக்கிறது. ஆனாலும் அதைத்தான் யாரும் எடுப்பதில்லை.

நோட்டுகளை நிழலில் விரித்து, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, துருப்பிடித்த பின்களை மெதுவாகக் கழற்றுங்கள். வெயிலில் காயப் போடக் கூடாது, லேமினேட் செய்யக் கூடாது. ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியை நேர் மேலே பிடித்து அட்டை முதல் வரிசையாகப் படம் எடுங்கள். பழைய பில் மெஷினில் வந்த வழவழப்பான ரசீதுகள் எழுத்து மங்கிக்கொண்டே போகும். அவற்றை முதல் நாளே எடுத்துவிட வேண்டும்.

பழைய கையெழுத்துக் கணக்கைப் படிக்கக் குறிகள் தெரிய வேண்டும். பக்க உச்சியில் பிள்ளையார் சுழி. அதன்பின் ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். ௶ பற்று (கடனாகக் கொடுத்தது), ௷ வரவு (திரும்பி வந்தது), ௸ மேற்படி, ௹ ரூபாய். ஆண்டைத் தமிழ்ப் பெயரில் எழுதியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்: பிரபவ ஆண்டு 1987 ஏப்ரலில் பிறந்தது, அதை அடுத்து விபவ 1988. பொருள் பெயர்களைச் சுருக்கி எழுதியிருப்பார். 'து.ப.' துவரம் பருப்பு என்று ஊகிக்கலாம். மற்றவற்றுக்குக் கடைப் பையனாக இருந்தவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அரை மணி நேரத்தில் நோட்டு முழுவதையும் வாசித்துவிடுவார்; நீங்கள் கேட்காத பாதிக் கதையும் அதிலிருந்தே வரும்.

இந்த நோட்டுகளில் தேட வேண்டியவை இவை. கடை திறந்த நாளின் முதல் பதிவு. முதல் சரக்கு எங்கிருந்து வந்தது, மண்டித் தெருவில் யாரிடம் கடன் சொல்லி எடுத்தார். வெள்ளமோ கலவரமோ ஊரடங்கோ நடந்த வாரங்களில் பற்று எவ்வளவு ஏறியது. வரவு வைக்காமலே கோடு போட்டு அடித்த கணக்குகள் எத்தனை. 2020 ஏப்ரலின் பக்கங்களை ஒரு தரம் நிதானமாகப் பாருங்கள். பல கடைகளில் வரவுப் பத்தி அந்த மாதம் வெறுமையாக இருக்கும். 'ஏழைகளுக்கு உதவினார்' என்று எழுதாமல் அந்த மாதத்தின் மொத்தப் பற்றை எழுதுங்கள்.

கடன்பட்டவர்களின் பெயர் அச்சில் வரக் கூடாது. படத்திலும் கூடாது. அவர் முப்பது ஆண்டு கல்லாவுக்குள் வைத்துக் காத்த ரகசியம் அது. பக்கத்தைப் படமாகப் போடுவதானால் பெயர்ப் பத்தியை மேலே வெள்ளைத் தாள் வைத்து மறைத்தபின் படம் எடுங்கள். எடுத்த படத்தில் கணினியில் கறுப்புப் பூசினால், கோப்பை அப்படியே அனுப்பும்போது சிலசமயம் பூச்சை நீக்கிப் படிக்க முடிந்துவிடுகிறது. பென்ஷன் உத்தரவு எண், வங்கிக் கணக்கு, ஆதார் எதையும் மலரில் காட்டாதீர்கள்.

ஊருக்குச் செய்ததைக் கண்டுபிடிக்க ஊரைச் சுற்றி அண்ணாந்து பாருங்கள். கோயில் டியூப்லைட்டின் குறுக்கே 'உபயம்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். பள்ளி பீரோவின் கதவு, பஸ் ஸ்டாப் சிமென்ட் பெஞ்ச், தண்ணீர்த் தொட்டி, கும்பாபிஷேகக் கல்வெட்டு, நூலகக் கடிகாரம் என்று ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுங்கள். பிறகு கோயில் ரசீதுப் புத்தகம், பெற்றோர் ஆசிரியர் கழக நோட்டு, வீட்டு மொய் நோட்டு. எழுதப்படாத உதவியும் உண்டு. ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகும் பையன்களை விடிகாலையில் 1.6 கிலோமீட்டர் ஓடவிட்டு நேரம் பார்த்தவர் என்றால், அந்தப் பையன்களில் எத்தனை பேர் எந்தப் பிரிவில் சேர்ந்தார்கள் என்று பட்டியல் எடுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு போடலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: ஊரே சேர்ந்து செய்ததை இவர் ஒருவர் கணக்கில் எழுதிவிட்டால் வெளியீட்டு நாளன்றே சண்டை வரும். ரசீதில் உள்ள தொகையை மட்டும் எழுதி, 'ஊரார் வசூலோடு' என்று சேருங்கள்.

ஆட்களிடம் கேட்பது

'அவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'தங்கமான மனுஷன்' என்று பதில் வரும். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். காரியத்தைக் கேளுங்கள். கடையை எத்தனை மணிக்குத் திறப்பார்? ஷட்டரைத் தூக்கியதும் முதலில் என்ன செய்வார்? உங்களுக்கு முதன்முதலில் எதைக் கடனாகக் கொடுத்தார்? எதற்குக் கோபப்படுவார்? பட்டாளத்து இந்தி வார்த்தை எதைக் கடைசிவரை விடவில்லை? இப்படிப் பத்துக் கேள்வி போதும்.

மனைவி, பிள்ளைகள், கடைப் பையன், சரக்கு கொண்டுவந்த லைன் சேல்ஸ்மேன், எதிர்க் கடைக்காரர், தலைமையாசிரியர், உடன் பணியாற்றியவர் என்று எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் இருந்தால் நன்று. எதிர்க் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். தொழிலில் மறைந்தவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை எதிரில் இருந்தவரே அறிவார். பட்டாளத்து நண்பர்களை மிலிட்டரி கேண்டீனிலும், நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வரும் இடத்திலும் பிடிக்கலாம். மனைவியிடம் இரண்டு தனித்தனி நாளில் பேசுங்கள். முதல் நாள் அழுகையில் போகும், அது போகட்டும். அவர் படையில் இருந்த ஆண்டுகளில் மாமியார் வீட்டில் குடும்பத்தை நடத்தியது அந்த அம்மாள்தான். மணியார்டர் எவ்வளவு வந்தது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை லீவு என்பதெல்லாம் அவர் வாய்வழிதான் தெரியவரும். மலரில் அந்த அம்மாள் பெயருக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

கைபேசியில் பதியும்போது ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். மடித்த துண்டின்மேல் வைத்தால் மேசை அதிர்வு கேட்காது. மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதிலிருந்து தள்ளி உட்காருங்கள். ஒரு தடவைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுதியதை அச்சுக்கு முன் அவரவருக்குப் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

எழுத்தும் அச்சும்

பிறப்பில் தொடங்க வேண்டியதில்லை. கடை திறக்கும் காலை நேரத்தில் தொடங்கி, அங்கிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்புவது இயல்பாக அமையும். ஏனென்றால் ஊருக்கு அவரைத் தெரிந்தது கடையில்தான். இரண்டு வாழ்வும் தொடும் இடங்களைத் தேடி எழுதுங்கள்: பொருள்களை வரிசையாக அடுக்கிய விதம், நேரம் தவறாமை, ஸ்டோர் கணக்குப் பார்த்த பழக்கம், உடன் இருந்து இறந்த நண்பனின் வீட்டுக்கு மாதாமாதம் போன சாமான். ஒரு பத்தியில் ஒரு தேதியோ தொகையோ பொருளோ இல்லையென்றால் அந்தப் பத்தியை எடுத்துவிடலாம்.

அளவுக்கு டெம்மி 1/8 (வழக்கமான புத்தக அளவு) சரியாக இருக்கும். 32 பக்கம், 12 புள்ளி எழுத்து, பக்கத்துக்குச் சுமார் 200 சொல். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தால் சென்டர் பின் அடிக்கலாம். உள்ளே 80 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) மேப்லித்தோ தாள், படப் பக்கங்களுக்கு 130 ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 300 ஆர்ட் கார்டு. 200 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, 500-க்கு மேல் ஆஃப்செட் கட்டுப்படியாகும். இடையில் என்றால் இரண்டுக்கும் விலை கேளுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் புகைப்படத்துக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) ஸ்கேன் போதும். அடையாள அட்டையில் இருக்கும் 2 செ.மீ. அகலப் படத்துக்கு 1200 வேண்டும். அப்போதுதான் அச்சில் 8 செ.மீ. வரை பெரிதாக்கலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள்.

டி.டி.பி. கடையில் பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்தால், யுனிகோடில் தட்டியதை மாற்றும்போது பிழை வரும். 'கொ', 'கோ' உடையும், 'ஸ்ரீ' காணாமல் போகும், ஆங்கில எழுத்து தமிழ் எழுத்தாகப் புரளும். மாற்றியபின் முழுவதையும் மறுபடி படியுங்கள். எண்களையும் பெயர்களையும் மட்டும் இன்னொருவர் உரக்கப் படிக்க, நீங்கள் மூல ஆவணத்தைப் பார்த்துச் சரிபாருங்கள். சொந்தக்காரர் பெயர் விடுபட்டால் மன்னித்துவிடுவார்கள். தப்பாக அச்சானால் மன்னிக்கமாட்டார்கள்.

அட்டையில் தேசியக் கொடியைப் பின்னணியாக வைத்து அதன்மேல் பெயரோ படமோ போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கொடியின்மேல் எழுத்துப் பொறிப்பது 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவச் சட்டப்படி அவமதிப்பு. நான்முகச் சிங்கச் சின்னமும் கூடாது. தனியார் அச்சுகளில் அதைப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பதிலாக அவர் தொப்பியில் இருந்த பித்தளை பேட்ஜையே படம் எடுத்துப் போடுங்கள். தேய்ந்திருந்தாலும் அது அவருடையது. பின்னட்டைக்குக் கடையின் பழைய பெயர்ப்பலகை.

வெளியீட்டுக்கு வரும் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். 'இந்தப் படத்தில் நிற்பது என் மாமா', 'அந்தப் போர்வெல் 1991 இல்லை, 92' என்பார்கள். சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்றும் நூலில் கட்டிய பேனாவும் வைத்து, ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். சொன்னவர் பெயரும் கைபேசி எண்ணும் கேட்டு எழுதட்டும். பேசியவர்களுக்கு ஆளுக்கொன்று, பள்ளிக்கு இரண்டு, ஊர் நூலகத்துக்கு இரண்டு, ரெஜிமென்ட் மையத்துக்கு ஒன்று என்று கொடுத்தபின், மீதியில் இருபது பிரதியை அந்த நோட்டோடும் ஸ்கேன் கோப்புகள் உள்ள பென் டிரைவோடும் அவருடைய டிரங்குப் பெட்டியில் போட்டு வையுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் அடியில், மெடல்கள் துணியில் சுற்றி மேலே.